பாட்டுத் தொகுத்தவர் பெயரில் ஒரு பனிமுடி

உலகப்பட நூலில் கனடா நாட்டின் வடகோடியைக் காட்டும் பக்கத்தைப் பலரும் விரைந்து புரட்டிவிடுவர். அங்கே ஊர்ப் பெயர்கள் அடர்ந்திரா. இருப்புப் பாதைக் கோடுகள் இரா. வெண்மையும் வெளிர்நீலமுமாகத் தீவுகள் சிதறிக் கிடக்கும். அவற்றுள் எல்லாவற்றிற்கும் வடக்கே நீண்டு கிடப்பது எல்ஸ்மியர் தீவு. அத்தீவின் வடபகுதியில், வடதுருவத்திலிருந்து ஏறத்தாழ 900 கிலோமீட்டர் தொலைவில், பனிப்பரப்பை ஊடுருவிக்கொண்டு நிற்கின்றது பார்போ சிகரம். நுனவுட் என்னும் பரந்த ஆட்சிப்பகுதியில் இதனை விஞ்சிய முடி வேறில்லை.

உயரம் எவ்வளவு என்று கேட்பீராயின், 2,616 மீட்டர். நம் நீலகிரித் தொட்டபெட்டா 2,637 மீட்டர். இருபத்தொரு மீட்டரே வேறுபாடு; அதுவும் நம் மலையே உயர்ந்தது! தொட்டபெட்டாவின் உச்சி வரை வண்டி செல்கின்றது. கல்விச் சுற்றுலாவில் நம் மாணவர்கள் அங்கே இறங்கி, தேநீரும் சுடச்சுட மிளகாய் பஜ்ஜியும் உண்டு, படமெடுத்துக்கொண்டு, அரைமணியில் திரும்பிவிடுகின்றனர். ஏறத்தாழ அதே உயரமுள்ள பார்போ சிகரத்தின் உச்சியை மாந்தன் முதன்முதலாக மிதித்ததோ 1967ஆம் ஆண்டு ஜூன் திங்களில்தான். எவரெஸ்டு சிகரம் வெல்லப்பட்டுப் பதினான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர்! அதன் பிறகும் அங்கு ஏறிய குழுக்கள் மிகச் சிலவே. உயரம் மட்டுமே ஒரு மலையை அரிதாக்கிவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

நாட்டுப்புறவியல் தாளை இளங்கலை மாணவர்க்குப் பயிற்றுவிக்கும் பொறுப்பு நமக்கு வாய்த்தது. பிற நாடுகளில் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தோர் யாவர் என்று குறிப்பெடுத்த வேளையில் மாரியுஸ் பார்போ என்னும் பெயர் எதிர்ப்பட்டது. அப்பெயருக்கு அடுத்த வரியில் ஒரு மலை! பாட்டுத் தொகுத்த ஒருவரின் பெயரை ஒரு நாடு தன் வடகோடி மலைமுடிக்கு இட்டிருக்கின்றது. மன்னர், படைத்தலைவர், ஆளுநர், பயணத்திற்குப் பொருள் ஈந்த வணிகர் ஆகியோர்க்கே மலைகள் உரியவை என்று எண்ணியிருந்த நமக்கு இது பெருவியப்பாயிற்று. அன்று தொட்டு அந்த மலையையும் அந்த மனிதரையும் பற்றிக் கிடைத்தனவற்றையெல்லாம் படித்து வருகின்றோம்.

முதலில் மலை. நம் இலக்கணத்தார் மலையும் மலைசார்ந்த நிலமும் குறிஞ்சி என்றனர். தேனும் தினையும், வேங்கையும் அருவியும் கொண்டு நாம் கற்பனை செய்யும் மலை அது. பார்போ சிகரத்தில் இவற்றுள் ஒன்றேனும் இல்லை. மரம் என்பதே அத்தீவில் இல்லை. தரையோடு தரையாகப் படரும் வில்லோச் செடி உண்டு. தாழ்நிலங்களில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையும் பனியும் சேர்ந்தே 100 மில்லிமீட்டரை எட்டா. இராசத்தானத்து மணற்பாலையினும் வறண்ட நிலம்! வெம்மையால் வளம் குன்றிய நிலத்தைப் பாலை என்று வகுத்த நம் முன்னோர், தண்மையால் பாலையான ஒரு மலையைக் கண்டிருப்பின் என்ன பெயரிட்டிருப்பரோ?

சிகரத்தைச் சூழ்ந்திருப்பது பனிக்கட்டிக் கடல். சில இடங்களில் அதன் தடிப்பு பல நூறு மீட்டர். அதனடியில் மலைத்தொடர் புதைந்து கிடக்க, முடிகள் மட்டும் தலைநீட்டுகின்றன. இவ்வாறு பனிப்பரப்பின்மேல் தனித்து நிற்கும் பாறைமுடியை அப்பெருநிலத்து மக்கள் தம் மொழியில் ‘நுனாட்டாக்’ என்பர். உலகெங்கும் உள்ள நிலவியலார் வேறு சொல் தேடாமல் இச்சொல்லையே எடுத்துக்கொண்டனர். ஒரு சிறுமொழி உலக அறிவியலுக்கு அளித்த கொடைகளுள் இதுவும் ஒன்று. ஆயினும், சொல்லைக் கொடுத்த மக்களுக்கு அம்முடிகளுக்குப் பெயரிடும் உரிமை நெடுங்காலம் வாய்க்கவில்லை.

அங்குச் சென்று சேர்வதே ஒரு தவம். ரெசொலூட் என்னும் சிற்றூரிலிருந்து சிறு வானூர்தியை அமர்த்திக்கொண்டு, பல நூறு கிலோமீட்டர் வடக்கே பறந்து, டான்குவரி என்னும் கடற்கூம்பின் கரையிலோ பனிப்பரப்பின் மீதோ இறங்க வேண்டும். வானூர்தி திரும்பிச் சென்றபின் கடையில்லை, மருத்துவரில்லை, வழிகாட்டும் பலகையுமில்லை. பனியில் ஆழ்ந்த வெடிப்புகள் மூடிக் கிடக்கும். ஆகவே ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு, உணவையும் கூடாரத்தையும் சறுக்குவண்டியில் ஏற்றி இழுத்துச் செல்வர். இறுதியில் கத்தி முனை போன்ற குறுகிய பனிமுகட்டின் வழியே ஏற வேண்டும். வானிலை எந்த நாழிகையில் மாறும் என்று எவரும் உறுதி கூறுவதற்கில்லை. மீண்டும் வானூர்தி வருவதும் வானிலையின் கையிலேயே உள்ளது. ஏறுவதற்கு ஆகும் துன்பத்தினும் காத்திருப்பதற்கு ஆகும் துன்பம் பெரிது.

ஏறத்தாழ 82 பாகை வடக்கில் ஏப்ரல் முற்பகுதி தொடங்கி ஆகஸ்டு இறுதி வரை கதிரவன் மறைவதேயில்லை. குளிர்காலத்தில் ஏறக்குறைய நான்கு திங்கள் தோன்றுவதேயில்லை. ‘அப்படியாயின் மக்ரிபு எப்போது, சஹர் எப்போது?’ என்று நம் வகுப்பு மாணவன் ஒருவன் உடனே கேட்டான். நல்ல வினா. பக்தாதிலிருந்து 921ஆம் ஆண்டில் புறப்பட்டு வோல்கா ஆற்றங்கரை நாட்டை 922இல் அடைந்த இப்னு ஃபள்லான் இதே திகைப்பை எழுதிவைத்துள்ளார். இஷாத் தொழுகைக்குரிய அழைப்பை எதிர்பார்த்துக் கூடாரத்தில் உரையாடிக்கொண்டிருந்தாராம். பாங்கு கேட்டு வெளியே வந்தால் விடியல்! முஅத்தினைக் கேட்க, இங்கே இஷாவை மக்ரிபுடன் சேர்த்தே தொழுகின்றோம் என்றாராம். வோல்காக் கரை துருவத்திற்கு வெகு தெற்கே உள்ளது, அங்கேயே அந்நிலை. இன்று கனடாவின் வடகோடி ஊர்களிலும் தொழுவோர் உள்ளனர். இனுவிக் என்னும் ஊருக்கு 2010இல் ஒரு பள்ளிவாசல் கட்டடம், வின்னிபெக் நகரில் செய்யப்பட்டு, சாலை வழியாகவும் ஆற்றுப் படகு வழியாகவும் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து சேர்ந்தது. காலத்தைக் கணக்கிடுவதில் அறிஞர்களின் தீர்ப்பைப் பின்பற்றி, தெற்கேயுள்ள நகர்களின் நேரத்தையோ மக்காவின் நேரத்தையோ கொள்வோர் உண்டு. இது மார்க்க அறிஞர் பேச வேண்டிய பொருளாதலின் இத்துடன் நிறுத்துகின்றோம்.

இனிப் பெயருக்கு வருவோம். எல்ஸ்மியர் தீவின் படத்தில் பெயர்களைப் படித்துச் சென்றால் அது நிலத்தின் வரலாறாக இல்லை. நன்றிக்கடன் பட்டியலாகவே இருக்கின்றது. எல்ஸ்மியர் என்பவர் இங்கிலாந்துப் பிரபு. 1852இல் அத்தீவின் கரையைக் கண்ட மாலுமி, அரச புவியியற் கழகத் தலைவராயிருந்த அவருடைய பட்டத்தைத் தீவுக்கு இட்டார். நம் சிகரம் நிற்கும் மலைத்தொடரின் பெயரோ ‘பிரித்தானியப் பேரரசுத் தொடர்’!

இவ்வகையில் நம்மைச் சிரிக்கவும் பின்னர் வருந்தவும் வைத்த செய்தி ஒன்றுண்டு. துருவப் பயணியாகிய பியரி, 1906இல் இப்பகுதியின் வடமேற்குக் கடலில் தொலைவில் மலைமுடிகளைக் கண்டதாக அறிவித்தார். தமக்குப் பொருள் உதவிய வங்கியாளர் பெயரால் அதற்குக் ‘கிராக்கர் நாடு’ என்று பெயரும் சூட்டினார். அதனைத் தேடி 1913இல் மெக்மில்லன் தலைமையில் ஒரு குழு புறப்பட்டது. 1914ஆம் ஆண்டு வசந்தத்தில் உறைகடல்மேல் சென்றபோது, குன்றுகளும் பள்ளத்தாக்குகளும் பனிமுடிகளுமாய் ஒரு நிலம் அவர்களுக்கும் தென்பட்டது. உடன் வந்த இனுயிட் வழிகாட்டி பியூகாட்டோக், அது வெறும் மூடுபனி என்றார். அவர் சொல்லை ஏற்காமல் நாள்கணக்கில் நடந்தனர். கதிரவன் நகர நகர நிலமும் உருமாறி, இறுதியில் இல்லாமற் போயிற்று. கானல்! உண்மை சொன்ன அந்த வழிகாட்டியை, திரும்பும் வழியில், குழுவிலிருந்த ஃபிட்சு கிரீன் என்பவர் சுட்டுக் கொன்றார். அதற்காக அவர்மீது வழக்கேதும் நடைபெறவில்லை.

இல்லாத மலைக்கு அன்றே பெயர் கிடைத்துவிட்டது. இருக்கின்ற மலைக்கு 1969 வரை பெயரில்லை.

1967இல் அச்சிகரத்தில் ஏறிய குழுவின் தலைவர் ஜெஃப்ரி ஹாட்டர்ஸ்லி-ஸ்மித். மலையேறுவதைப் புகழுக்காகச் செய்தவர் அல்லர். கனடாப் பாதுகாப்பு ஆராய்ச்சி வாரியத்தில் பணியாற்றிய பனியியல் அறிஞர். 1957-58ஆம் ஆண்டுகளில் ஹேசன் ஏரிக்கரையில் ஆய்வுக்குழுவை நடத்தியவர். எல்ஸ்மியரின் வடகரையை ஒட்டி மிதக்கும் பனித்தட்டுகளை ஆராய்ந்தவர். (அத்தட்டுகளின் இன்றைய நிலை இரங்கத்தக்கது. 2020 ஜூலையில் மில்ன் பனித்தட்டு தன் பரப்பில் ஐந்தில் இரு பங்குக்கும் மேலாக ஓரிரு நாளில் உடைந்து போயிற்று.) பிற்காலத்தில் அவர் தென்துருவப் பகுதியின் இடப்பெயர் வரலாற்றைத் தொகுத்து நூலாக்கினார் என்பதை அறிந்தபோது நமக்கு மகிழ்ச்சி மிகுந்தது. பெயர்களின் மதிப்பை உணர்ந்த ஒருவரின் காலடியே அம்முடியில் முதலில் பதிந்திருக்கின்றது.

மாரியுஸ் பார்போ 1883இல் கியூபெக் மாநிலத்தில் பிறந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் மானிடவியல் பயின்று, 1911இல் கனடாவின் தேசிய அருங்காட்சியகப் பணியில் சேர்ந்தார். ஒலிப்பதிவு செய்யும் மெழுகு உருளைகளைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றார். ஓர் உருளையில் சில நிமிடங்களே அடங்கும். மீண்டும் மீண்டும் ஓட்டினால் தேய்ந்துவிடும். அவர் முதலில் பதிந்தவை வயண்டாட் மக்களின் பாடல்களும் கதைகளும். அம்மொழியைத் தாய்மொழியாகப் பேசிய முதியோர் பின்னர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். இன்று அம்மொழியை மீட்டெடுக்க முயலும் அவர்தம் பேரர்களுக்கு அந்தப் பதிவுகளே பெருந்துணை. பிரெஞ்சு மொழி பேசும் உங்கள் மக்களிடம் இத்தகைய வாய்மொழி மரபு உண்டா என்று மானிடவியல் அறிஞர் போவாஸ் கேட்ட ஒரு கேள்வியால் உந்தப்பட்டு, தம் சொந்த மாநிலத்துச் சிற்றூர்களிலும் பாடல் தேடத் தொடங்கினார்; பல்லாயிரம் பாடல்களைத் திரட்டினார். 1969 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டிலேயே சிகரத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது.

இவ்வளவோடு நின்றிருப்பின் இக்கட்டுரை எளிய புகழுரையாக முடிந்திருக்கும். பார்போவைப் படிக்கப் படிக்க வேறு சிலவும் தெரிய வந்தன.

பசிபிக் கரையில் சிம்ஷியன் மக்களிடையே பார்போ செய்த தொகுப்புக்குக் கண்ணும் செவியுமாக விளங்கியவர் வில்லியம் பெய்னன். தந்தை வேல்ஸ் நாட்டவர்; தாய்வழியில் அம்மக்களைச் சேர்ந்தவர்; குலத்தலைமையும் ஏற்றவர். 1915 அளவில் மொழிபெயர்ப்பாளராகச் சேர்ந்த அவர், நாளடைவில் தாமே ஊர்களுக்குச் சென்று, முதியோரிடம் கேட்டு, அவர்கள் மொழியிலேயே எழுதி அனுப்பலானார். 1958இல் மறையும் வரை ஏடு ஏடாக எழுதினார். 1945இல் கிட்செகுக்லா என்னும் ஊரில் குலத்தூண் நாட்டும் விழாவில் பங்குகொண்டு அவர் எழுதிய நான்கு குறிப்பேடுகள், அவர் மறைந்து நாற்பது ஆண்டுகளுக்குமேல் கழித்து, 2000இல்தான் அவர் பெயரால் நூலாயின. பார்போவுக்கு மலை கிடைத்தது. பெய்னனுக்கு நூலின் முகப்பில் பெயர் கிடைப்பதற்கே இத்துணைக் காலம் ஆயிற்று.

மற்றொன்று குலத்தூண். அம்மக்கள் செந்நிறத் தேவதாருவில் தம் முன்னோரின் வரலாற்றைச் செதுக்கி ஊரில் நாட்டுவர். அது அணிகலன் அன்று; நடுகல்லும் பட்டயமும் ஒன்றானது போன்றது என்று நம் மாணவர்க்குச் சொல்வோம். நிஸ்கா மக்களின் நினைவுத்தூண் ஒன்றை 1929இல் பார்போ எடுத்துச் சென்று ஸ்காட்லாந்து அருங்காட்சியகத்திற்கு விற்றார். ஊரார் உணவு தேடி வெளியே சென்றிருந்த வேளையில், தங்கள் இசைவின்றி அது எடுக்கப்பட்டது என்பது அம்மக்களின் கூற்று. ஏறத்தாழ 11 மீட்டர் உயரமுள்ள அத்தூண் எடின்பரோ நகரில் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக நின்று, 2023 செப்டம்பரில் நிஸ்கா நாட்டுக்குத் திரும்பியது. மரத்தைத் தம் மூதாதையாகவே கருதும் அவர்கள் அதனை வரவேற்ற காட்சியை நிழற்படங்களில் கண்டோம். முதியோர் அழுதுகொண்டிருந்தனர்.

ஆகவே பார்போவை எவ்வாறு மதிப்பது? பாட்டைக் காத்தவர் என்று மட்டும் கூறினால் தூணின் கதை மறைந்துபோகும். தூணைக் கொண்டுபோனவர் என்று மட்டும் கூறினால், அவர் இல்லையேல் அழிந்திருக்கும் ஒரு மொழியின் குரல் மறைந்துபோகும். இரண்டையும் ஒருங்கே வைத்தே அம்மனிதரைப் பேச வேண்டும் என்பது நம் கருத்து. அவர் காலத்து அறிஞர் பலரைப் போலவே, அம்மக்கள் விரைவில் மறைந்துவிடுவர் என்று அவரும் நம்பினார். மறைந்துவிடும் மக்களின் பொருள் அருங்காட்சியகத்தில் இருப்பதே மேல் என்பது அந்நம்பிக்கையின் விளைவு. மக்களோ மறையவில்லை.

மறையாததோடு, வழக்கும் தொடுத்தனர். நிஸ்காவின் அயலவரான கிட்சான் மக்களும் வெட்சுவெட்டன் மக்களும் தம் நிலத்தின்மீது உரிமை கோரி நீதிமன்றம் சென்றனர். 1987இல் விசாரணை தொடங்கியது. எழுத்தாவணம் எங்கே என்று கேட்கும் மன்றத்தில், மூதாட்டி ஒருவர் தம் குலப்பாடலைச் சான்றாகப் பாட முன்வந்தார். பாட்டு அவர்களுக்கு நிலப்பட்டா. தமக்கு உள்ளது தகரக் காது, பாடுவதால் பயனில்லை என்றார் நீதிபதி. 1991இல் தீர்ப்பும் அவர்களுக்கு எதிராயிற்று. ஆனால் 1997 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், வாய்மொழி வரலாற்றையும் எழுத்தாவணத்திற்கு நிகராக வைத்து நோக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பார்போவும் பெய்னனும் திரட்டியனவும் அவ்வழக்கில் எடுத்துப் பேசப்பட்டன. வாய்மொழி இலக்கியம் வெறும் பொழுதுபோக்கு, எளிதாக மதிப்பெண் பெறும் தாள் என்று கருதும் நம் மாணவர்க்கு இவ்வழக்கை ஆண்டுதோறும் சொல்கின்றோம். வகுப்பறை அமைதியாகிவிடும்.

சிகரத்தின் பக்கத்து மக்களைப் பற்றியும் கூற வேண்டும். ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன்பே வேட்டை மக்கள் ஹேசன் ஏரிப் பகுதியைக் கடந்து சென்றதற்கு அடுப்புக் கற்களும் கருவிகளும் சான்றாக உள்ளன. இன்று எல்ஸ்மியரில் மக்கள் குடும்பமாக வாழும் ஒரே ஊர் அதன் தென்கரையில் உள்ளது. அங்கு அவர்கள் தாமே விரும்பிக் குடியேறினர் என்று எண்ண வேண்டா. 1953இலும் 1955இலும் அரசு, கியூபெக்கின் வடபகுதியிலிருந்து இனுயிட் குடும்பங்களை 2,000 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே கொண்டுவந்து விட்டது. வேட்டை மிகுதி என்றனர். விரும்பினால் திரும்பலாம் என்றனர். திரும்பக் கொண்டுபோய்விடும் வாக்கு காக்கப்படவில்லை. திங்கள்கணக்கில் நீளும் இருளை முன்பின் அறியாத மக்கள் கூடாரங்களில் முதற் குளிர்காலத்தைக் கழித்தனர். 2010 ஆகஸ்டில் அரசு மன்னிப்புக் கேட்டது. அவ்வூர்களுக்குப் படத்தில் கிரைஸ் ஃபியோர்டு என்றும் ரெசொலூட் என்றும் பெயர். இனுயிட் மொழியிலோ முன்னது ‘அவுயித்துக்’; என்றும் உருகாத இடம் என்பது பொருள். பின்னது ‘கவுசுயித்துக்’, விடியல் இல்லாத இடம். மாலுமி தன் கப்பலின் பெயரை இட்டான். வாழ்ந்தவர் தம் துயரை இட்டனர்.

1999இல் நுனவுட் தனி ஆட்சிப்பகுதியாயிற்று. சிகரத்தைச் சூழ்ந்த 37,775 சதுர கிலோமீட்டர் பூங்காவுக்கும் ‘குத்தினிர்பாக்’ என்னும் இனுயிட் பெயர் வந்தது. உலகின் உச்சி என்று பொருள். சிகரத்தின் பெயர் மட்டும் பார்போவாகவே இருக்கின்றது.

பாட்டைப் பற்றி இவ்வளவு எழுதும் நமக்கு உம்மம்மாவின் தாலாட்டு ஒன்றுகூட முழுமையாக நினைவில் இல்லை. நபிமார் பெயர்களை வரிசையாகக் கோத்து, இடையிடையே கடல் கடந்து சென்ற மகனை விளித்துப் பாடுவார். ஒலிப்பதிவுக் கருவி நம் தெருவில் இல்லாமலில்லை. வளைகுடாவிலிருந்து வந்த பெட்டிகளில் முதலில் இறங்குவதே அதுதான். எழுதப் படிக்கத் தெரியாத தாய்மார் கடிதத்திற்கு மாற்றாக ஒலிநாடாவில் பேசி, அடுத்துப் பயணம் செல்பவரிடம் கொடுத்தனுப்பிய காலம் அது. உம்மம்மாவும் பேசினார், பேசிக்கொண்டே வந்து, தொட்டிலில் கிடந்த நம் தங்கைக்காகப் பாடவும் தொடங்கிவிட்டார். மாமா ஷார்ஜாவில் அதனைப் பலமுறை கேட்டதாகச் சொல்வார். பின்னர் அறையில் உடன் தங்கியிருந்த யாரோ அதன்மேல் திரைப்பாடல்களைப் பதிந்துவிட்டனர். ஒலிநாடா இன்னும் மாமா வீட்டில் உள்ளது. முதற் பாடலுக்கும் அடுத்த பாடலுக்கும் இடையே சிறிது வெற்றிடம் வரும், அங்கே உம்மம்மா இருமுவதும், “அணைச்சிட்டியா?” என்று கேட்பதும் கேட்கும்.

இவ்வாண்டு மூன்றாமாண்டு மாணவர்கள் களப்பணிக்குச் செல்கின்றனர். எல்லார் கையிலும் கைப்பேசி. மெழுகு உருளை தேயும் என்னும் அச்சமில்லை. அவர்களுக்கான பதிவேட்டைத் துறையில் புதிதாக அச்சிட்டுள்ளோம். முதல் கட்டத்தில் பாடியவர் பெயர், இரண்டாவதில் அவர் ஊரும் தெருவும், மூன்றாவதில் பதிவு செய்யவும் வெளியிடவும் அவர் தந்த இசைவு. தொகுத்த மாணவர் பெயருக்குக் கடைசிக் கட்டம்.